ஷேடு பார்க்கிற கை

ஒளிப்பெட்டிக்குள் துணித்துண்டை வைத்து
பகல் விளக்கு, கடை விளக்கு, வீட்டு விளக்கு என
மாற்றி மாற்றிப் பார்ப்பது என் வேலை.
பன்னிரண்டு வருஷமாய் வீரபாண்டி டையிங்கில்
என் கண்ணை ஏய்த்து ஒரு நீலமும் லாரி ஏறியதில்லை.

கடைசி ஸ்விட்ச் புற ஊதா.
வெண்மையேற்றி கலந்த நூல் மட்டும் அதில் மினுங்கும்.
ஆவணி மாத ராத்திரி ஷிஃப்ட் ஒன்றில்
துணி சும்மா கிடக்க
மினுங்கியது என் சுண்டுவிரல்.

கணுவின் மேல், மொச்சைக்கொட்டை அளவு.
வெயிலில் பார்த்தால் ஒன்றும் இல்லை,
அல்லது இருந்தும் நான் பார்க்கவில்லை.
பிளீச் பட்டிருக்கும் என்றார்கள்.
'கையுறை போடுங்கன்னா கேட்டாத்தானுங்'
என்றார் ஃபோர்மேன் ஆறுக்குட்டி.

கோயமுத்தூரில் டாக்டர் ஷமீனா
மருந்துச்சீட்டின் பின்னால் படம் போட்டார்.
தோலின் அடிவரிசையில் ஒரு கருமைச் செல்.
நண்டுக்கால் நீட்டி
சுற்றியுள்ள முப்பது, நாற்பது வீடுகளுக்கு
நிறத்தைப் பொட்டலம் கட்டி அனுப்பும்.
வாங்கிய வீடு அதைத் தன் உட்கருவுக்கு மேலே
குடையாய்ப் பிடித்துக்கொள்ளும்.

நிறம் காய்ச்சுகிற அடுப்பில் புகையும் உண்டு.
புகையின் பெயரைச் சொன்னார்:
ஹைட்ரஜன் பெராக்சைடு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் பட்டறையில் கேன் கேனாய் இறங்கும் சரக்கு.
கோரா துணியை அதில்தான் வெளுக்கிறோம்.
மிச்சம் நின்றால் சாயம் பிடிக்காதென்று
பின்னாலேயே ஒரு நொதி விடுகிறோம்.
நாங்கள் கில்லர் என்போம்.
டப்பாவில் கேட்டலேஸ் என்றிருக்கும்.
'உங்க தோல்லயும் அதே நொதிதாம்மா. அது கொறைச்சல்.'
'ஒரு டப்பா எடுத்துக் கைல ஊத்திக்கட்டுங்களா?'
'அவ்வளவு லேசா உள்ள போகாது' என்று அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு சொன்னதில் சிரிப்பில்லை.
புகையில் திணறும் செல் கூப்பாடு போடுகிறது.
ரத்தத்திலிருந்து டி செல்கள் ஓடி வருகின்றன,
கிருமியைக் கொல்லப் படித்தவை.
வந்தவை நிறத்தையே அடையாளமாய்ப் பிடித்து
நிறம் செய்தவனைக் கொல்கின்றன.
அவை ஊதும் விசிலுக்கு
இத்தனை நாள் பொட்டலம் வாங்கிய வீடுகளே
இங்கே, இங்கே என்று கை காட்டுகின்றன.
கொன்றவை எல்லாம் திரும்பிப் போவதுமில்லை.
சில அங்கேயே குடியிருந்து
மறுபடி ஒரு கருப்பு முளைக்கிறதா என்று
வருஷக்கணக்கில் பார்த்திருக்கும்.

மீனும் தயிரும் சேர்த்துத் தின்றேன் என்று
நானாக ஒப்புக்கொண்டதை
அவர் எழுதவே இல்லை.

வாட்ச் வார் உரசிய இடத்தில் ஒன்று,
பாவாடை நாடா இறுகிய இடத்தில் ஒன்று,
சமையலில் சுட்டுக்கொண்ட தழும்பின் மேல் ஒன்று.
உரசல் எங்கேயோ அங்கே.

செவ்வாயும் வெள்ளியும்
அவிநாசி வழி பஸ் பிடித்துப் போய்
குழாய் விளக்குகளின் நடுவே நிற்கிறேன்,
கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒன்றரை நிமிஷம்.
அந்த வெளிச்சம் காவலை அசர வைக்கும்,
வேரைத் தட்டி எழுப்பும்.
ஆறாம் மாசம் முழங்கை வெள்ளையில்
மயிர்க்கால் தோறும் ஒரு கடுகு.
வேரடியில் பதுங்கிக் கிடந்த தண்டுச்செல்கள்
மயிரைப் பிடித்து மேலேறி வந்திருந்தன,
ஐப்பசி மழைக்குப் பின்
மானாவாரிக் காட்டில் கொள்ளு முளைத்த மாதிரி
அங்கொன்றும் இங்கொன்றுமாய்.

விரல்நுனியில் மயிரில்லை.
அங்கே வருவது கஷ்டம் என்று முன்னமே சொல்லிவிட்டார்.

நேற்று பையர் ஆள் வந்திருந்தான்.
நான் நீட்டிய துண்டை வாங்காமல்
'மேசைல வைங்க' என்றான்.
வைத்தேன்.
பகல் விளக்கில் பார்த்து மெரூனுக்கு ஓகே சொன்னான்.
கடை விளக்கைப் போட்டேன்.
மெரூன் செங்கல்லாகி நின்றது.
அவன் குனிந்து பார்த்தான்,
என் விரலுக்குப் பக்கத்திலேயே
கொஞ்ச நேரம்.

அவன் போனபின் கடைசி ஸ்விட்சைத் தட்டினேன்.
முழங்கையை உள்ளே விட்டு
வெள்ளை வெளிச்சத்தின் நடுவே
இருட்டுக் கடுகுகளை எண்ணத் தொடங்கினேன்.
பதினேழு, பதினெட்டு.
'அடுத்த லாட் வந்திருச்சுங்' என்று
ஆறுக்குட்டியின் குரல்.
பாசிப்பச்சை.